நான் நகர்த்திய தெரு

அக்காவின் குரல் அன்று காலை எனக்கு இரண்டு முறை கேட்டது. ஒன்று செல்போனில். இன்னொன்று சமையல்கட்டு ஜன்னல் வழியாக, சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து. ஜன்னல் வழியாக வந்ததுதான் முதலில் வந்தது. போனில் வந்தது ஒரு நொடி தள்ளி, அதே வார்த்தைகளை மறுபடி சொல்லிக்கொண்டு வந்தது.

"மல்லி, வாசல் குழாயாண்ட வழுக்கி வுழுந்துட்டேன்டி. கைய தூக்க முடியல."

நைட்டி பாக்கெட்டில் எந்நேரமும் போனை வைத்துக்கொள்ளும் பழக்கம் வசந்தா அக்காவுக்கு உண்டு. அதைக் கிண்டல் செய்தவள் நான்.

செருப்புகூட மாட்டாமல் ஓடினேன். எங்கள் வீடு தெருவின் கடைசி வீடு. பத்து எட்டு வைத்ததும் சுவர். எட்டடி உயரம், மேலே கண்ணாடிச் சில்லு. சுவருக்கு அந்தப் பக்கம், சுவரை ஒட்டியபடியே ஒரு குறுக்குத் தெரு. அந்தத் தெருவைத் தாண்டினால் அக்கா வீட்டு கேட். என் வீட்டு மூலையிலிருந்து அவள் கேட்டுக்கு அறுபது அடி. நான் டேப் பிடித்து அளந்ததில்லை, ஆனாலும் தெரியும். எப்படித் தெரியும் என்பதைத்தான் இந்த வாரப் பத்தியில் சொல்லவேண்டியிருக்கிறது. சொல்லாமல் தாண்டிவிடலாமா என்றும் பார்த்தேன்.

சுவரில் கை வைத்து, "அக்கா" என்று கூப்பிட்டேன்.

"இன்னாடி, இன்னும் அங்கியே நிக்கிற" என்றாள் அந்தப் பக்கத்திலிருந்து. குழாயிலிருந்து தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது. அதை அடைக்கக்கூட அவளால் முடியவில்லை என்று அப்போதுதான் உறைத்தது.

அவளிடம் நான் போய்ச் சேர முக்கால் மணி நேரம் ஆனது.

சுற்று வழி

நான் இருப்பது வெண்ணிலா கார்டன். அக்கா இருப்பது குமரன் நகர். திருப்போரூருக்கு வெளியே முதுகோடு முதுகு ஒட்டிக்கொண்டிருக்கும் இரண்டு மனைப்பிரிவுகள். எங்கள் கேட் செங்கல்பட்டு ரோட்டில். அவர்கள் வாசல் ஓ.எம்.ஆர். பக்கம். எங்கள் கேட்டை விட்டு வெளியே வந்து, செங்கல்பட்டு ரோட்டில் ஏறி, ஊருக்குள் போய், பஸ் நெரிசலில் நின்று, ஓ.எம்.ஆரில் திரும்பி, மீடியனில் இடைவெளி வரும்வரை போய் யூ டர்ன் அடித்து, வந்த வழியே பாதி தூரம் திரும்பி, உள்ளே நுழைய வேண்டும். அன்றைக்குக் கிருத்திகை வேறு. முருகனைப் பார்க்க வந்த கூட்டம் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றது.

கேட்டருகில் கிடைத்த ஆட்டோவில் ஏறி வழி சொன்னேன். ஆட்டோக்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"இன்னாமா, வூடு எங்க கீதுன்ற?"

"இந்தச் சுவத்துக்கு அந்தாண்ட இருக்குதுப்பா. குமரன் நகர்."

"சுவத்துக்கு அந்தாண்டன்னா எகிறி குதிச்சிருக்கலாமே. இதுக்கு ஏன் ஊரச் சுத்திகினு போற?"

எனக்கு எரிச்சல் வந்தது. அவர் கேட்டதில் தப்பும் இல்லை.

எத்தனையோ முறை வந்த இடம்தான், ஆனாலும் குமரன் நகருக்குள் நுழைந்ததும் அன்றைய பதற்றத்தில் எனக்குத் திசை போய்விட்டது. அக்காவுடையது மூன்றாவது குறுக்குத் தெரு, அந்தப் பலகை இரண்டு இடத்தில் இருந்தது. ஒன்று பழைய பகுதிக்கு, ஒன்று விரிவுக்கு. எல்லா வீட்டிலும் ஒரே மாதிரி சில்வர் கேட், எல்லா மூலையிலும் முள் மண்டிய காலி மனை. போனில் மேப்பைப் போட்டால் அந்தப் பெண் குரல் நிதானமாக இடது பக்கம் திரும்பச் சொன்னது. இடது பக்கம் மாட்டுக்கொட்டகை. வலது பக்கம் திரும்பினோம். அங்கே ஒரு சுவர். இது எந்தச் சுவர், எங்கள் சுவரா வேறு யாருடையதா என்று எனக்குப் புரியவில்லை.

"ரெண்டு தபா இதே நாய தாண்டிட்டோம்மா" என்றார் ஆட்டோக்காரர்.

முப்பது வருடத்துக்கு மேல் தெரு வரைந்து பிழைத்தவள் நான். அதை அவரிடம் சொல்லவில்லை.

ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தபோது அக்கா கேட்டில் சாய்ந்து, வலது மணிக்கட்டை மடியில் வைத்துக்கொண்டு ஈரத்தில் உட்கார்ந்திருந்தாள். இந்தப் பக்கம் ஐந்து வீடு, அந்தப் பக்கம் ஐந்து வீடு, எல்லாம் பூட்டு. ஐ.டி. ஆபீசுக்குப் போய்விட்டவர்கள். என்னைப் பார்த்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, "அடுப்ப அணைச்சியா?"

அணைக்கவில்லை. என் வீட்டுக்காரர் எழுந்து, கருகிப்போன தோசையைப் பார்த்துவிட்டு, என்னைக் காணவில்லை என்று தெரு முழுக்கத் தேடிக்கொண்டிருந்தார் என்று பிறகு தெரிந்தது.

செங்கல்பட்டில் மாவுக்கட்டு போட்டார்கள். எலும்பு மெலிந்துவிட்டது, இனி விழக்கூடாது என்று டாக்டர் சொன்னார். விழக்கூடாது என்பதை அக்காவிடம் சொல்லாமல் என்னிடம் சொன்னார். நான் ஏதோ பிடித்துத் தள்ளியது மாதிரி தலையாட்டினேன்.

அன்று மாலையே அவள் மகன் பிரபு வெளிநாட்டிலிருந்து கூப்பிட்டான். "சித்தி, கோயம்புத்தூர்ல வயசானவங்களுக்குன்னு ஒரு குடியிருப்பு பாத்து வெச்சிருக்கேன். நர்ஸ் இருக்காங்க, சாப்பாடு அங்கியே. அம்மாவுக்கு ஒண்ணுன்னா அஞ்சு நிமிஷத்துல நீங்க போய் நிக்க முடியும்னா சொல்லுங்க, அம்மா உங்க பக்கத்துலியே இருக்கட்டும். முக்கா மணி நேரம்னா என்னால இங்க தூங்க முடியாது."

அஞ்சு நிமிஷம் எதற்கு, ஒரு நிமிஷத்தில் போவேன், சுவரை உடைத்துவிட்டால் போதும் என்று சொன்னேன். உடைத்துவிடுவதாக வாக்கும் கொடுத்தேன். என் பிறப்பிலிருந்து பக்கத்தில் இருப்பவள் அவள் ஒருத்திதான். அவளைக் கோயம்புத்தூருக்கு அனுப்பிவிட்டு நான் இங்கே என்ன செய்வது?

அம்மோனியா வாடை

சில வாரங்களுக்கு முன் என் டிராயிங் பேனாக்களைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, நீங்கள் என்னதான் வரைந்தீர்கள் என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். மனை வரைந்தேன், அம்மா. ஐ.டி.ஐ.யில் சிவில் டிராஃப்ட்ஸ்மேன் படித்தேன். பெண்ணாக இருந்தாலும் சான்றிதழில் 'மேன்' என்றுதான் இருக்கும். செங்கல்பட்டில் ஒரு லேஅவுட் ஆபீசில் சேர்ந்தேன். மாடியில் ஒரு அறை, மின்விசிறி ஒன்று, பிரிண்ட் போடும் மெஷினிலிருந்து வரும் அம்மோனியா வாடை. வீட்டுக்கு வந்து தலைக்குக் குளித்தாலும் போகாது. கல்யாணம் ஆன புதிதில் என் வீட்டுக்காரர், நான் எங்கேயோ கழிப்பறை கழுவும் வேலைக்குப் போவதாகச் சந்தேகப்பட்டார்.

வேலை எளிதுதான். சர்வேயர் நிலத்தை அளந்து கொடுப்பார். புரோமோட்டர் வருவார். நெல் விளைந்த இடத்தைத் தாளில் கட்டம் கட்டமாக வெட்டிக் கொடுக்க வேண்டும். எத்தனை மனை கூடுதலாக விழுகிறதோ அத்தனை நல்ல டிராஃப்ட்ஸ்மேன். தெரு என்பது மனைக்கு நடுவே வேறு வழியில்லாமல் விடும் சந்து. அப்படித்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அந்தக் காலத்தில் திருப்போரூர் என்றால் கோயிலைச் சுற்றி நாலு வீதி, குளம், மெயின் ரோடு. எந்த வீதியில் இறங்கினாலும் இன்னொரு வீதிக்கு வந்துவிடலாம். கல்பாக்கத்தில் அணுமின் நிலைய டவுன்ஷிப் குவார்ட்டர்ஸும் அப்படித்தான். அக்காவின் வீட்டுக்காரர், நாங்கள் மாமா என்போம், அங்கே டெக்னீஷியன். சைக்கிளில் ஷிப்ட்டுக்குப் போவார். அக்கா வீட்டுக்குப் போகும்போதெல்லாம் நான் வேண்டுமென்றே வேறு வேறு தெருவில் நடந்து பார்ப்பேன், எதில் போனாலும் அவள் வாசலில்தான் முடியும்.

நாங்கள் வரைந்த மனைப்பிரிவுகள் அப்படி இல்லை. சீப்பில் வாழைப்பழம் தொங்குகிற மாதிரி, ஒவ்வொன்றும் மெயின் ரோட்டில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும். பக்கத்துப் பழத்துக்குள் போக வழி கிடையாது. ஒரு வயல் ஒருவருக்கு விற்கப்படும், அவருக்கு ஒரு தாள். அடுத்த வயல் வேறொருவருக்கு, அதற்கு வேறொரு தாள். இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க யாருக்கும் நேரம் இல்லை. பார்த்தவள் ஒருத்தி இருந்தாள், அது நான். நான் பார்த்தது எதற்கு என்பதுதான் விஷயம்.

தணிகாசலம் கேட்டது

வெண்ணிலா கார்டனைப் போட்ட புரோமோட்டரிடம் தணிகாசலம் என்று ஒரு மேனேஜர் இருந்தார். வெள்ளைச் சட்டை, பாக்கெட்டில் இரண்டு போன், வாயில் எப்போதும் கிராம்பு. அவர் வந்து என் மேஜைமேல் குமரன் நகரின் பழைய தாளை விரித்தார்.

"மல்லிகாம்மா, இவங்க தெரு ஒண்ணு நேரா நம்ம எல்லைக்கு வருது பாரு. நம்ம தெருவ அதுக்கு நேரா வெச்சா நாளைக்கி ரெண்டும் ஒண்ணா சேந்துரும். அப்பறம் இன்னாத்த கேட்டட் கம்யூனிட்டின்னு விக்கறது? ஊரே உள்ள பூந்து போவும்."

"எல்லை வரைக்கும் தெரு காட்டினாத்தான அப்ரூவல் குடுப்பாங்க அண்ணா."

"காட்டு. வாணான்னா சொன்னேன்? ஆனா எப்பவும் தொறக்கக் கூடாது. அதுக்கு இன்னா வழின்னு நீதான் பாக்கணும். சுவர் கட்டினா போதாது, சுவத்த ஒடைச்சிருவானுங்க."

நான் கொஞ்ச நேரம் தாளைப் பார்த்தேன். பிறகு எங்கள் தெருவை நாற்பது அடி வடக்கே நகர்த்தினேன். இப்போது அது எல்லைவரை போய் நின்றது. எதிரே, சுவரோரக் குறுக்குத் தெருவைத் தாண்டினால், குமரன் நகரின் நேர்த் தெரு இல்லை. நாற்பத்தொன்றாம் எண் மனை இருந்தது.

தணிகாசலத்துக்கு ஒரு நிமிடம் புரியவில்லை. புரிந்ததும் கிராம்பைத் துப்பிவிட்டுச் சிரித்தார். நடுவில் சுவர் இருக்கும்வரை அந்த மனைக்கு ஒன்றும் இல்லை. சுவரை எடுத்தால் எங்கள் தெரு நேராகப் போய் அந்த வீட்டு வாசலில் குத்தும். தெருக்குத்து. எந்த வீட்டுக்காரன் சம்மதிப்பான்? தன் வீட்டை நோக்கி ஒரு தெரு வருவதை எம்.எஸ்சி. படித்தவனும் விடமாட்டான், கலெக்டரிடம் மனு கொடுத்தாவது சுவரைக் காப்பாற்றுவான். பூட்டை நாங்கள் போட்டோம், காவலுக்கு எதிர்வீட்டுக்காரனையே நிறுத்தினோம்.

பெருமையாக இருந்தது. அதை மறைக்கப்போவதில்லை. ஆபீசில் எல்லோரும் அந்த உத்தியைப் பிறகு பல தாள்களில் பயன்படுத்தினார்கள். 'மல்லிகா ஜாயின்ட்' என்று அதற்குப் பெயர்கூட வைத்தார்கள். சேராத இடத்துக்கு ஜாயின்ட் என்று ஏன் பெயர் வைத்தார்கள் என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

சவுக்குத் தோப்பில் ஒரு கூடை

இந்த இடத்தில் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. நெம்மேலிப் பக்கம், ஈ.சி.ஆருக்கும் கடலுக்கும் நடுவே ஒரு சவுக்குத் தோப்பை மனையாக வெட்டினோம். சுவர் எழும்பிய பிறகு அளவு சரிபார்க்கப் போயிருந்தேன். காலடியில் சவுக்கு ஊசி, மேலே அலைச் சத்தம் மாதிரியே தோப்பின் சத்தம். இரண்டில் எது கடல் என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தேன்.

மீன் கூடையோடு ஒரு அம்மா சுவர் ஓரமாக நடந்து வந்தார். என் கையிலிருந்த தாளைப் பார்த்து நின்றார்.

"இந்தாண்ட ஒரு வழி இருந்துச்சே, இன்னா ஆச்சி?"

"மனை போட்டாச்சும்மா. அந்தக் கடைசிக்குப் போய் சுத்திப் போங்க."

"நீ சுத்திப் போவியா, தலையில இத வெச்சிகினு?"

அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. சுற்றித்தான் போனார். அடுத்த முறை நான் போனபோது சுவரில் ஒரு ஆள் நுழைகிற அளவுக்கு ஓட்டை இருந்தது. அடைத்தார்கள். அதற்கடுத்த முறையும் ஓட்டை இருந்தது. யார் போட்டது என்று யாருக்கும் தெரியவில்லை. எனக்கும் அது ஒழுங்கீனமாகத்தான் பட்டது, தாளில் இல்லாத ஒன்று எப்படி இருக்கலாம் என்று.

இரண்டரை சென்டிமீட்டர்

வெண்ணிலா கார்டனிலேயே நானும் ஒரு மனை வாங்கினேன். நான் நகர்த்திய அந்தத் தெருவின் கடைசி மனை என்பதால் விலை தணிந்திருந்தது. வீடு கட்டிக் குடி வந்தோம். பல வருடம் கழித்து மாமா ரிடையர் ஆனார். குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். "உன் பக்கத்துலியே ஒரு வூடு பாருடி" என்றாள் அக்கா.

குமரன் நகரில் கட்டிய வீடு ஒன்று விலைக்கு வந்தது. புரோக்கர் எண்ணைச் சொன்னதும் நான் நேரில் போகவில்லை. அலமாரியைத் திறந்து பழைய தாள்களை எடுத்தேன். இரண்டையும் எல்லைக்கு எல்லை ஒட்டவைத்து, என் வீட்டு மூலையில் ஸ்கேலை வைத்தேன். இரண்டரை சென்டிமீட்டர்கூட இல்லை. நிஜத்தில் அறுபது அடி. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அக்காவுக்குப் போன் போட்டு, "நீ தும்மினா எனக்குக் கேக்கும்" என்றேன்.

எங்கள் தொழிலில் இருக்கிறவர்கள் மட்டும் செய்கிற தப்பு இது. வேறு யாராக இருந்தாலும் வண்டி எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்திருப்பார்கள், நாலு கிலோமீட்டர் என்று தெரிந்திருக்கும். நான் ஸ்கேலை வைத்தேன். ஸ்கேல் சுவரைத் தாண்டிப் போகும், அதற்கென்ன.

அந்த வீட்டின் எண் நாற்பத்தொன்று.

அது என் உத்திக்கு எதிரே நிற்கும் மனை என்று எனக்குத் தெரியாதா? தாளை என் கையால் வரைந்திருக்கிறேன். தெரிந்திருக்கத்தான் வேண்டும். மறந்துவிட்டேனா, மறந்த மாதிரி இருந்துவிட்டேனா என்று இன்றுவரை குழப்பமாகவே இருக்கிறது. புரோமோட்டர் ஊரை விட்டுப் போனதும் சுவரை யாராவது எடுத்துவிடுவார்கள் என்று மனதில் ஒரு நினைப்பு. எடுக்கவே முடியாதபடி செய்தவள் யார் என்ற நினைப்பு மட்டும் கூட வரவில்லை.

முதல் சில வருடம் வேடிக்கையாகத்தான் போனது. மாமா அந்தப் பக்கம் ஏணி போடுவார், நான் இந்தப் பக்கம் தண்ணீர் டிரம்மின்மேல் ஏறுவேன், கண்ணாடிச் சில்லுக்கு மேலே சாக்கைப் போட்டு தூக்குச் சட்டி கை மாறும். வற்றல் குழம்பு அந்தப் பக்கம் போகும், அவியல் இந்தப் பக்கம் வரும். மாமா போன பிறகு ஏணியில் ஏற அங்கே ஆள் இல்லை. எனக்கும் முட்டி போய்விட்டது.

பூங்காவில் கூட்டம்

பிரபுவுக்கு வாக்குக் கொடுத்த மறுநாளே வேலையில் இறங்கினேன். எங்கள் குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஜெயராமன் சார், தஞ்சாவூர்ப் பக்கம், பாங்கில் இருந்து ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர், எதையும் எழுத்தில் கேட்பார். ஒரு ஆள் நடந்தும் ஒரு ஸ்கூட்டர் நுழைந்தும் போகிற அளவுக்குச் சுவரில் வழி விடவேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன், படமும் வரைந்து கொடுத்தேன். நிறுத்தி வைத்திருந்த பேனாவை அதற்காக மறுபடி எடுத்தேன்.

வாட்ஸ்அப் குழுவில் இரண்டு மாதம் அடிதடி. திருடன் வருவான் என்றார் ஒருவர். நாய் வரும் என்றார் இன்னொருவர். இரண்டும் ஏற்கெனவே வந்துகொண்டுதான் இருக்கிறது என்று நான் எழுதினேன். கடைசியில், குமரன் நகருக்கு வரும் பள்ளிக்கூட வேனில் பிள்ளைகள் நடந்தே போய் ஏறலாம் என்று பாதிப் பேர் என் பக்கம் சாய்ந்தார்கள். குமரன் நகர்ச் சங்கமும் சரி என்றது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூங்காவில் கூட்டம். எனக்கு மனதுக்குள் சுவர் பாதி இடிந்தே போயிருந்தது.

ஜெயராமன் சார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒரு காகிதத்தை எடுத்தார். "அந்தப் பக்கத்துலேர்ந்து ஒரே ஒரு ஆட்சேபணை வந்திருக்கு. வழி விட்டா தெரு நேரா என் வாசலில் குத்தும், தெருக்குத்து, எனக்குச் சம்மதமில்லைன்னு. மனை எண் நாற்பத்தொன்று." அப்புறம் என்னை நிமிர்ந்து பார்த்தார். "மேடம், அது உங்க அக்கா வீடுதானே?"

காகிதத்தை வாங்கிப் பார்த்தேன். இடது கையால் எழுதிய மாதிரி கோணலான எழுத்து. ஆனால் கையெழுத்தின் கடைசியில் அவள் போடும் சுழி அப்படியே இருந்தது.

பூங்காவில் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். "விசாரிக்கிறேன் சார்" என்றேன்.

நாற்பத்தொன்றாம் எண்

நேராக ஆட்டோ பிடித்துப் போனேன். ஊரைச் சுற்றி, யூ டர்ன் அடித்து. வழி நெடுகக் கோபம். யார்மேல் என்றுதான் தெரியவில்லை. அவள்மேல் என்று தொடங்கும், திருப்போரூர் தாண்டுவதற்குள் என்மேல் வந்து நிற்கும்.

அக்கா வாசலில் நாற்காலி போட்டு, சுவரைப் பார்த்தபடி, முறத்தில் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். கட்டைப் பிரித்துச் சில நாள்தான் ஆகியிருந்தது. கை வெளுத்து, அவளுடைய கை மாதிரியே இல்லை.

"லெட்டர் நீ எழுதினதாக்கா?"

"ஆமா."

"உனக்கு யாரு தெருக்குத்துன்னு சொன்னது?"

"யாரு சொல்லணும்? சுவத்த எடுத்தா உன் தெரு நேரா வந்து என் கேட்டுலதான முட்டும். இதுக்கு ஐ.டி.ஐ. படிக்கணுமா?"

நான் அவள் காலடிப் படியில் உட்கார்ந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். தணிகாசலத்தை, நாற்பது அடியை, ஆபீசில் அதற்குப் பெயர் வைத்ததை. சொல்லும்போது அழுகை வந்தது. அந்தத் தெருவை நான் நேராக விட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் வந்து உன்னைத் தூக்கியிருப்பேன், நீ முக்கால் மணி நேரம் ஈரத்தில் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை என்றேன்.

அக்கா உரித்துக்கொண்டே கேட்டாள். பிறகு சிரித்தாள். "நல்லாத்தான் வேல செஞ்சிருக்க."

"சிரிக்காதக்கா. பிள்ளையார் ஒண்ணு வெச்சிட்டா தெருக்குத்து போயிடும்னு சொல்லுவாங்க. மேஸ்திரிகிட்ட நானே சொல்றேன்."

"எனக்கு அதுலெல்லாம் நம்பிக்கை இல்லடி."

எனக்குப் புரியவில்லை. "அப்ப ஏன் எழுதின?"

அக்கா இன்னும் இரண்டு கடலையை உடைத்து முறத்தில் போட்டாள்.

"பிரபு சொன்ன எடத்துக்கு நான் போறேன்" என்றாள். "போயி பாக்கலாம்னு இல்ல. போறதுன்னே முடிவு பண்ணிட்டேன். நீ சுவத்த ஒடைச்சிட்டினா அவன் போவ வாணாம்னுடுவான். நீயும் வுட மாட்ட. அப்பறம் நான் எந்த வாயால போறேன்னு சொல்றது?"

"ஏன்க்கா? நான் இருக்கேனே."

"நீ இருக்க. நீ மட்டுந்தான் இருக்க." முறத்தைக் கீழே வைத்தாள். "குவார்ட்டர்ஸ்ல சாயந்தரம் கதவத் தொறந்தா நாலு பேர் இருப்பாங்க. இங்க காலைல ஒம்பது மணிக்கு எல்லா வூட்டையும் பூட்டிகினு போயிடறாங்க. அவர் இருந்தவரைக்கும் தெரியல. இப்ப இந்த நாற்காலில உக்காந்துகினு, மல்லி இன்னிக்கி வருவாளா வர மாட்டாளான்னு பாத்துகினே ஒரு நாள் போவுது. நீ வர்லன்னா உன்மேல கோவம் வருது. உனக்கும் வூடு இருக்குது, முட்டி வலி இருக்குது. நீ ஒருத்தி என்ன பண்ணுவ? ஒரு ஆள நம்பி ஒரு ஊர்ல இருக்கக் கூடாதுடி. அங்க என் வயசுல நெறைய பேர் இருக்காங்களாம். சேந்து நடக்கறாங்களாம், சேந்து சாப்பிடறாங்களாம்."

"வழி வுட்டா நான் தெனமும் வருவேன்."

"வருவ. தெரியும். அதான் பயமா இருந்துச்சி."

இதற்கு என்ன அர்த்தம் என்று இதை எழுதும்போதும் எனக்கு முழுதாக விளங்கவில்லை. என் தொந்தரவிலிருந்து தப்பிக்கப் பார்த்தாளா, என்னைத் தன் தொந்தரவிலிருந்து விடுவிக்கப் பார்த்தாளா? அவளிடம் கேட்டிருக்கலாம். எந்தப் பதில் வந்தாலும் தாங்க முடியாது என்று தோன்றியதால் கேட்கவில்லை.

போன் அடித்தது. ஜெயராமன் சார். ஸ்பீக்கரில் போடாமலே அவர் குரல் அந்தத் தெருவுக்கே கேட்கும்.

"மேடம், அக்காவைச் சமாதானப்படுத்திட்டீங்களா? வாசல்ல ஒரு பிள்ளையார் வெச்சிட்டா தோஷம் நிவர்த்தின்னு எல்லாரும் சொல்றாங்க. நீங்க இந்தத் தொழில்ல இருந்தவங்க. நீங்க சரின்னா, வர்ற ஞாயித்துக்கிழமையே ஆளைக் கூப்பிட்டுச் சுவரை எடுத்துடலாம்."

அக்கா என்னைப் பார்த்தாள். கெஞ்சவில்லை, தடுக்கவும் இல்லை. உரித்த கடலை ஒன்று அவள் விரலில் அப்படியே இருந்தது.

"பிள்ளையார் வெச்சா போகாது சார்" என்றேன். "தெரு நேரா வந்து குத்துது. இந்த மாதிரி நான் நெறைய பாத்திருக்கேன். எங்க அக்கா எழுதினதுதான் சரி. சுவர் அப்படியே இருக்கட்டும்."

அவர் ஏதோ கேட்டார். அதே பதிலை மறுபடி சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.

அக்கா விரலில் இருந்த கடலையை என் கையில் வைத்தாள். "எத்தினி மணிக்கி போவணும் நீ?"

"இன்னிக்கி போவல" என்றேன்.